'புட்' தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைச் சரிசெய்யலாம்

திருப்பூரில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் மெயில் எழுதுகிறவர்கள். மற்றவர்கள் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸுகள், இன்ஜினியர்கள். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்' எல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஆனால் எதிரில் இருப்பவர் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்று அதே சங்கதியைச் சொன்னால் முகத்தில் ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. 'புட்' (put) மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொல்லாயிற்றே, இது கூடவா புரியவில்லை என்று கூச்சப்படுகிறார்கள்.

கூச்சப்பட வேண்டியதில்லை. 1755-இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிக்கல் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் 2007-இல் மிக நீளமான பதிவாக நின்றது இந்தப் 'புட்'தான். 2011-இல் 645 பொருள்களோடு 'ரன்' அதை முந்தியது. அவ்வளவு பெரிய சொல்லை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்யப் போனால் ஒரு வாரத்தில் களைத்துவிடுவீர்கள். உங்களுக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது நல்லது. கீழே என் வகுப்பில் அடிக்கடி வரும் கோளாறுகளை எழுதியிருக்கிறேன். உங்களுடையதைத் தேடிப் படியுங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்ற எல்லாம் அதில்தான் நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: 'எங்கே?'

'புட்' என்பதற்குப் பழைய பொருள் தள்ளுவது, உந்துவது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எல்லோரும் பார்த்த 'ஷாட் புட்'டில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழில் குண்டு எறிதல் என்கிறோம். ஆனால் விதிப்படி அந்தக் குண்டைப் பந்துபோல் வீசக் கூடாது, தோளிலிருந்து ஒரு கையால் உந்தித்தான் விட வேண்டும்.

உந்தினால் அது ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? அதனால்தான் 'புட்' எப்போதும் 'எங்கே?' என்ற கேள்விக்கு விடை கேட்டுக்கொண்டே இருக்கும். 'ஐ புட் த கீ' என்று நிறுத்தினால் ஆங்கிலக்காரருக்கு வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் இருக்கும். 'ஐ புட் த கீ ஆன் த டேபிள்' என்றால்தான் முடியும். தமிழில் 'சாவியை வச்சுட்டேன்' என்றாலே போதும் என்பதால் நமக்கு இந்தக் குறை உறைப்பதில்லை.

இப்போது 'ஆஃப்', 'அவுட்', 'அவே', 'ஃபார்வர்ட்' என்ற சின்னச் சொற்களைப் பாருங்கள். அவையும் அதே 'எங்கே?'க்கு விடைதான். 'ஆஃப்' என்றால் தள்ளி. 'அவே' என்றால் கண்ணில் படாத இடத்துக்கு. 'ஃபார்வர்ட்' என்றால் முன்னால். இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை:

கூட்டத்தைத் தள்ளிப்போடு: 'புட் ஆஃப் த மீட்டிங்'.
கருத்தை முன்வை: 'புட் ஃபார்வர்ட் ஆன் ஐடியா'.
பாத்திரத்தை எடுத்து வை: 'புட் அவே த டிஷஸ்'.
கோப்பைக் கிடப்பில் போடு: 'புட் இட் ஆன் த பேக் பர்னர்'.

தள்ளி, முன், எடுத்து என்று நாம் வினைக்கு முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். 'தள்ளிப்போடு' என்பதைக் கேட்டு எந்தக் குழந்தையும் எதைத் தள்ளுவது, எங்கே போடுவது என்று முழிப்பதில்லை. ஒரே சொல்லாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கோளாறு: "ஒவ்வொரு வார்த்தையும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை"

'ஐ கான்ட் புட் அப் வித் திஸ் நாய்ஸ்.' இதில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. வை, மேலே, உடன், சத்தம் என்று எழுத்துக்கூட்டினால் ஒன்றும் தேறாது.

காரணம், 'புட்'டில் நின்று யோசிப்பது. கண் அங்கே நிற்கக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் இரண்டு சொற்கள் வரை ஓட வேண்டும். ஒரு பெயர்ச்சொல் நடுவில் வந்தால் அதையும் தாண்டி ஓட வேண்டும். 'ஷி புட் த ஓல்டு ஆல்பம்ஸ் அவே' என்ற வாக்கியத்தில் உயிர் இருப்பது கடைசியில்.

செய்து பாருங்கள்: 'புட்'டுக்குப் பதில் 'வை' என்று போட்டு, பின்னால் வரும் இடத்தையும் சேர்த்துப் படியுங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் ஒரு பொருள் வைக்கப்பட்டால் அது நேர்ப்பொருள், தொந்தரவு இல்லை. அப்படி இல்லையென்றால் 'புட்'டையும் சின்னச் சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக வைத்து அகராதியில் தேடுங்கள். 'புட் அப்' வேறு, 'புட் அப் வித்' வேறு. கடைசியில் இருக்கும் 'வித்' உங்கள் கண்ணில் படாமல் போனால் பொறுத்துக்கொள்வது என்ற பொருள் வராது. 'புட் அப் வித்' மட்டும் ஏன் அந்தப் பொருள் தருகிறது என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். 'சகித்துக்கொள்' என்பதைப்போல மொத்தமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோளாறு: "தமிழில் 'போடு' வருகிற இடத்திலெல்லாம் வாயில் 'புட்' வந்துவிடுகிறது"

தமிழர்களுக்கென்றே உள்ள கோளாறு இது. என் வகுப்பில் பத்துத் தவறுக்கு ஆறு இதில்தான் வந்து விழுகிறது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

தமிழில் எதைத்தான் போடுவதில்லை! சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், டீ போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம், லீவு போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிப் போனால் 'ஐ புட் லீவ்', 'தே புட் ஃபைட்', 'த கேட் புட் கிட்டன்ஸ்' என்று வரும். எதிரில் இருப்பவர் தமிழராக இருந்தால் புரிந்துகொள்வார். இல்லையென்றால் சிரமம்தான்.

சோதனை ஒன்று சொல்கிறேன். போட்ட பிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். உப்பு சாம்பாரில் இருக்கிறது, பணம் வங்கியில் இருக்கிறது, சட்டை உடம்பில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் 'புட்' வரும்: 'புட் சால்ட் இன் த சாம்பார்', 'புட் மணி இன் த பேங்க்', 'புட் ஆன் எ ஷர்ட்'. சண்டை எங்கே இருக்கிறது? சத்தம் எங்கே இருக்கிறது? போட்ட திட்டம் எங்கே? காட்ட முடியாது. அங்கே ஆங்கிலத்தில் தனி வினை இருக்கும். சண்டை போட்டார்கள் என்றால் 'தே ஃபாட்'. சத்தம் போட்டான் என்றால் 'ஹி ஷவுட்டட்'. திட்டம் போட்டோம் என்றால் 'வி மேட் எ பிளான்'. போன் போட்டேன் என்றால் 'ஐ கால்டு'.

கோலமும் ஓட்டும் ஊசியும் இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். கோலம் வாசலில் கண்ணெதிரேதான் இருக்கிறது, ஆனாலும் ஆங்கிலத்தில் அதை 'ட்ரா' செய்ய வேண்டும். ஓட்டுக்கு 'வோட்', ஊசிக்கு 'கிவ் ஆன் இன்ஜெக்ஷன்', குட்டிக்கு 'ஹேவ்', முட்டைக்கு 'லே'. இந்த ஐந்தையும் தனியாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. 'புட்' சரியாகத்தான் வந்திருக்கும், அதன் வால் மட்டும் காணாமல் போயிருக்கும். 'ஐ புட் மை ஷூஸ்', 'புட் த லைட்', 'ஐ புட் வெயிட்' என்று சொல்கிறோம். மூன்றிலும் விட்டுப்போனது 'ஆன்'. 'புட் ஆன் மை ஷூஸ்', 'புட் த லைட் ஆன்', 'புட் ஆன் வெயிட்' என்று திருத்தினால் போதும். 'வெயிட் போட்டுட்டே' என்று நாம் சொல்வதும் அவர்கள் 'புட் ஆன் வெயிட்' என்பதும் இவ்வளவு அருகில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். நாடகம் போடுவதும் அப்படித்தான், 'புட் ஆன் எ ப்ளே'. வண்டிக்கு பிரேக் போடுவதும் 'புட் ஆன் த பிரேக்ஸ்'. இன்னும் ஒன்று: 'ஹி இஸ் நாட் ஹர்ட், ஹி இஸ் ஜஸ்ட் புட்டிங் இட் ஆன்' என்றால், அடியெல்லாம் படவில்லை, சும்மா சீன் போடுகிறான் என்று பொருள். இளைஞர்களிடம் இதைச் சொன்னால் அன்றோடு மறப்பதில்லை.

லீவுக்கும் சண்டைக்கும்கூட 'புட்' ஒரு வழி வைத்திருக்கிறது. லீவுக்கு எழுதிக்கொடுப்பதை 'புட் இன் ஃபார் லீவ்' என்பார்கள். விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை போராடினால் 'புட் அப் எ ஃபைட்'. வெறும் 'புட்' தப்பாக இருந்த அதே இடத்தில் சரியான வால் சேர்ந்ததும் நல்ல ஆங்கிலமாகிவிட்டது பாருங்கள்.

டீக்கு மட்டும் ஒரு விளக்கம். 'புட் டீ' கிடையாது, 'மேக் டீ'தான். ஆனால் இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் 'ஐ வில் புட் த கெட்டில் ஆன்' என்பார்கள். கெட்டில் என்பது தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரம். சொல்வது கெட்டிலைப் பற்றி, கருத்து என்னவோ உட்காருங்கள், டீ போடுகிறேன் என்பதுதான்.

கோளாறு: "ஒரு பொருள் படித்து வைத்திருந்தேன், இங்கே அது பொருந்தவில்லை"

'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு என்று படித்திருப்பீர்கள். அப்புறம் ஒரு நாள் 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்று வரும். வாடை என்னைத் தள்ளிப்போட்டதா?

இங்கே பார்க்க வேண்டியது எது தள்ளப்படுகிறது என்பது. தள்ளப்படுவது தேதி வைத்த காரியமாக இருந்தால் ஒத்திவைப்பு. தள்ளப்படுவது ஆளாக இருந்தால் அவருடைய மனசு விலகிவிட்டது என்று பொருள்: அந்த வாடையில் எனக்குச் சாப்பிடும் எண்ணமே போய்விட்டது. பரீட்சை எழுதும்போது பக்கத்தில் ஒருவர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் அதுவும் 'புட் மீ ஆஃப்'தான், கவனம் சிதறிவிட்டது. மூன்றுக்கும் அடியில் 'தள்ளி' என்ற ஒரே எண்ணம் ஓடுகிறது.

'புட் அவுட்'டும் இதே மாதிரி. நெருப்பு, சிகரெட், விளக்கு என்று வந்தால் அணைப்பது. அறிக்கை என்று வந்தால் வெளியிடுவது. குப்பைத் தொட்டி என்று வந்தால் வாசலில் கொண்டுபோய் வைப்பது. ஆள் வந்தால் அவருக்குச் சிரமம் கொடுப்பது: 'ஐ டோன்ட் வான்ட் டு புட் யூ அவுட்' என்று விருந்தாளி சொன்னால், என்னால் உங்களுக்குத் தொல்லை வேண்டாமே என்று பொருள்.

'புட் டவுன்' விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பையைக் கீழே வைக்கலாம், போனை வைக்கலாம், முன்பணம் கட்டலாம், கிளர்ச்சியை அடக்கலாம், எல்லாம் 'புட் டவுன்'தான். ஒருவரை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிப் பேசுவதும் 'புட் டவுன்'. ஆனால் நாய், பூனை, குதிரை என்று வந்தால் பொருள் வேறு. இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போன என் மாணவி ஒருவரிடம், கூட வேலை செய்பவர் 'வி ஹேட் டு புட் அவர் டாக் டவுன் யெஸ்டர்டே' என்று சொல்லியிருக்கிறார். நாயைக் கீழே இறக்கிவிட்டார்களாக்கும் என்று நினைத்து இவரும் சிரித்த முகத்தோடு தலையாட்டியிருக்கிறார். தீராத நோயில் துடித்த நாயை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுக் கண் மூட வைத்ததைத்தான் அவர் சொன்னார். பிறகு பொருள் தெரிந்தபோது இந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு அழுதாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆக, இந்தக் கோளாறுக்கு மருந்து ஒன்றே. 'புட் டவுன்' என்று மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். 'புட் டவுன் போன்', 'புட் டவுன் டெபாசிட்', 'புட் டவுன் டாக்' என்று துணைக்கு வரும் பெயர்ச்சொல்லோடு எழுதுங்கள். தமிழில் 'போடு'வுக்கு என்ன பொருள் என்று கேட்டால் நாமும் 'எதைப் போடு?' என்றுதானே திருப்பிக் கேட்போம்.

கோளாறு: "'இட்'டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை"

'புட் ஆஃப் த மீட்டிங்' சரி. 'புட் த மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் மீட்டிங்கை 'இட்' ஆக்கிவிட்டால் ஒரே வழிதான் உண்டு: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று ஆங்கிலக்காரர் ஒருபோதும் சொல்லமாட்டார். 'தெம்', 'மீ', 'ஹிம்' எல்லாவற்றுக்கும் இதே விதி. போனில் மேனேஜருக்கு இணைப்புக் கேட்கும்போது 'ப்ளீஸ் புட் மீ த்ரூ டு த மேனேஜர்' என்றுதான் வரும்.

காரணமும் காதுக்குப் புரியும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கனம் விழும். 'இட்' கனமில்லாத சொல், ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அதனால் அதை நடுவில் ஒளித்துவைத்துவிட்டு 'ஆஃப்'பை அழுத்திச் சொல்கிறார்கள். இதையே திருப்பிப் போட்டால், பொருள் மிக நீளமாக இருக்கும்போது அதைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. 'வி ஹேவ் புட் ஆஃப் த மீட்டிங் வித் த டையிங் யூனிட் பீப்பிள்' என்று எழுதுங்கள். நடுவில் அத்தனை சொற்களையும் செருகிவிட்டு 'புட்'டுக்கு அப்புறம் எட்டாவது சொல்லாக 'ஆஃப்' வந்தால் படிப்பவர் தொலைந்துபோவார்.

'புட் அப் வித்' மாதிரி மூன்று சொல் கூட்டத்தை மட்டும் பிரிக்காதீர்கள். 'புட் அப் வித் இட்', 'புட் அப் வித் ஹிம்', அவ்வளவுதான்.

கோளாறு: "கடந்த காலத்தில் 'புட்டட்' என்று வந்துவிடுகிறது"

'புட்' மூன்று காலத்துக்கும் 'புட்'தான். நேற்று வைத்ததும் 'புட்', வைத்து முடித்ததும் 'புட்'. 'ஹி புட்ஸ்' என்றால் வழக்கமாகச் செய்கிறான், 'ஹி புட்' என்றால் செய்துவிட்டான். அந்த ஓர் 'ஸ்' ஒலிதான் காலத்தைக் காட்டும் அடையாளம். 'பட்டட்' என்று ஒரு சொல் உண்டு, அது கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுவது. உங்களுக்கு அது வேண்டியதில்லை.

கோளாறு: "'புட் ஆஃப் டு கோ' என்று எழுதினேன், திருத்திவிட்டார்கள்"

'ஆஃப்'புக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஐ கெப்ட் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.' 'புட் அப் வித்'துக்கும் அப்படியே: 'புட் அப் வித் வெயிட்டிங்'. வேறு யோசனை தேவையில்லை.

கோளாறு: "'வேர் ஆர் யூ புட் அப்?' என்று கேட்டேன், விழித்தார்"

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு நம் நாட்டில் இது மிகச் சாதாரணமான கேள்வி. இங்கே பேசும்போது மாற்றத் தேவையில்லை, எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டவரிடம் மட்டும் 'வேர் ஆர் யூ ஸ்டேயிங்?' என்று கேளுங்கள். அவர்கள் காதில் 'புட் அப்' என்பது ஒருவர் மற்றவருக்கு இடம் கொடுப்பது: 'மை கசின் புட் மீ அப் ஃபார் டூ நைட்ஸ்', சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்க வைத்தார்.

கோளாறு: "மரபுத்தொடரில் ஒரு சொல்தான் மாற்றினேன், பொருளே தலைகீழாகிவிட்டது"

காலை வைத்து 'புட்' கட்டியிருக்கும் தொடர்களைப் பாருங்கள்.

'புட் யுவர் ஃபுட் டவுன்': இதற்கு மேல் முடியாது என்று கறாராக நிற்பது. வண்டி ஓட்டும் பேச்சில் வந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது.
'புட் யுவர் ஃபீட் அப்': வேலை முடிந்து காலை நீட்டி ஓய்வெடுப்பது.
'புட் யுவர் ஃபுட் இன் இட்': சொல்லக் கூடாததைச் சொல்லிச் சங்கடத்தில் மாட்டிக்கொள்வது. அமெரிக்காவில் கடைசியில் 'இன் யுவர் மவுத்' என்பார்கள்.
'புட் யுவர் பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்ட்': உங்களிடம் உள்ள நல்லதையெல்லாம் காட்டி முயல்வது.

ஒன்றில் 'ஃபுட்', ஒன்றில் 'ஃபீட்'. ஓய்வெடுக்கச் சொல்ல நினைத்து 'டவுன்' போட்டுவிட்டால் கறாராக இருக்கச் சொன்னதாகிவிடும். இது அநியாயம் என்று ஒரு மாணவர் சொன்னார். அவரிடம் நம்முடைய 'மண்டை'யைக் காட்டினேன். மண்டையில் போட்டான் என்றால் அடித்தான். மண்டையைப் போட்டான் என்றால் இறந்துபோனான். ஓர் உருபுதான் வித்தியாசம். மண்டையும் தலையும் ஒன்றுதானே என்று 'தலையைப் போட்டான்' என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் புரியாது. அவர் காதில் போட்டு வை என்றால் அவருக்குத் தெரியப்படுத்து. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே என்றால் பொருட்படுத்தாதே. தமிழ் படிக்கும் வெளிநாட்டவர் இந்த இடத்தில் எப்படித் திண்டாடுவார் என்று ஒரு நிமிடம் நினைத்தால், ஆங்கிலத்தின் மீதுள்ள கோபம் தணிந்துவிடும்.

சரிசெய்யும் வழி: மரபுத்தொடரைப் பாட்டு வரி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமை பன்மையை மாற்றாதீர்கள், 'யுவர்' என்பதை 'மை', 'ஹிஸ்' என்று ஆளுக்கேற்ப மாற்றுவதோடு நிறுத்துங்கள். 'ஷி புட் ஹெர் ஃபுட் டவுன்' என்று ஆளை மாற்றலாம், 'ஃபுட்'டை மாற்றக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை பேச்சில் அடிக்கடி காதில் விழுபவை இன்னும் சில: இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்து உண்மையை ஊகிப்பது 'புட் டூ அண்ட் டூ டுகெதர்', ஒருவருக்காக நல்ல வார்த்தை சொல்லிவைப்பது 'புட் இன் எ குட் வர்ட்', நான் சொல்லாததைச் சொன்னதாக்குவது 'புட் வர்ட்ஸ் இன் மை மவுத்'. இவை மூன்றும் அலுவலகத்தில் நிச்சயம் தேவைப்படும்.

கோளாறு: "எழுத்தில் புரிகிறது, பேசினால் காதில் பிடிபடவில்லை"

'புட் இட் ஆன்' என்று அவர்கள் மூன்று சொல்லாகச் சொல்வதில்லை. 'புட்டிட்டான்' என்று ஒரே மூச்சில் போகும். அமெரிக்கர் வாயில் நடுவிலுள்ள 'ட்' மெலிந்து 'புடிடான்' மாதிரி கேட்கும். நம் காது 'புட்'டைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாக்கியம் முடிந்துவிடுகிறது.

'புட்'டைத் தேடாதீர்கள். அழுத்தம் விழுகிற கடைசிச் சின்னச் சொல்லைப் பிடியுங்கள். 'புட் இட் ஆன், புட் இட் ஆஃப், புட் இட் அவே, புட் இட் டவுன்' என்று நான்கையும் சேர்த்து, கடைசிச் சொல்லை மட்டும் தட்டிச் சொல்லி, தினமும் இரண்டு நிமிடம் நீங்களே வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். வாய் ஒட்டிச் சொல்லப் பழகினால் காது தானாகப் பிரித்துக்கேட்கத் தொடங்கும். என் வகுப்பில் இது பலிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது.

கோளாறு: "மெயிலில் இதையெல்லாம் எழுதலாமா?"

எழுதலாம், ஆள் பார்த்து. பழகிய வாடிக்கையாளருக்கு 'கேன் வி புட் இட் ஆஃப் டில் ஃப்ரைடே?' என்பது இயல்பாக இருக்கும். ஒப்பந்தக் கடிதத்திலும் அரசு அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்திலும் 'போஸ்ட்போன்' நல்லது. பேச்சில் அதுவே தலைகீழ். 'ஐ கேனாட் டாலரேட் திஸ்' என்று நண்பரிடம் சொன்னால் சண்டைக்கு நிற்பதுபோல் ஒலிக்கும், 'ஐ கான்ட் புட் அப் வித் இட்' என்றால் அலுத்துக்கொள்வதாக இருக்கும். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். பேச்சிலும் கடிதத்துச் சொற்களையே பேசுகிறார்கள்.

கோளாறு: "படித்ததெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது"

உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் 'புட் ஆஃப், புட் ஆன், புட் அவுட், புட் அப்' என்று வரிசையாக எழுதி, எதிரில் தமிழ்ப் பொருள் எழுதியிருந்தால், மறதிக்குக் காரணம் அந்தப் பக்கம்தான். ஒன்றைப்போல் ஒன்று இருப்பவற்றைச் சேர்த்து அடுக்கினால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பக்கத்தைச் சின்னச் சொல்லுக்குக் கொடுங்கள். ஒரு பக்கம் 'ஆஃப்', ஒரு பக்கம் 'ஆன்'. 'ஆஃப்' பக்கத்தில் 'புட் ஆஃப்'போடு 'கால் ஆஃப்', 'டேக் ஆஃப்' ஆகியவற்றையும் சேர்த்தால் 'தள்ளி, விலகி' என்ற எண்ணம் ஊறிவிடும். வாரத்துக்கு மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில், உங்கள் வேலையில் உண்மையாக நடந்த ஒரு வாக்கியம் எழுதுங்கள். புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் நிற்காது.

'புட் பை' என்பதைச் சொல்லிக்கொடுத்த அன்று, தையல் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு மாணவி ஒரு வரி எழுதிக் காட்டினார். 'மை மதர் புட் பை ஃபிஃப்டி ருப்பீஸ் எவ்ரி வீக் ஃபார் மை காலேஜ் ஃபீஸ்.' அம்மா என் காலேஜ் ஃபீஸுக்காக வாரம் ஐம்பது ரூபாய் எடுத்து வைத்தார். எழுதி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் தெருவில் பார்த்தபோது 'புட் பை' ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். முழு வாக்கியத்தையும் அப்படியே சொன்னார்.